கேதர்கோலின் தொப்பி

குதிரைப் பந்தயத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பிரிஸ்டோ வீட்டுச் சமையலறையில் இருந்தவர்கள் விவரம்: அடுப்புக்குப் பக்கத்து முக்காலியில், மடியில் ஊசிநூல் பெட்டியோடு ஐடா பிரிஸ்டோ. கதவோரம், நாற்காலி காலியாக இருந்தும் உட்காராமல், கைகளை முன்னால் கோத்துக்கொண்டு மிஸ்டர் கேதர்கோல். டன்ஸ்பரியில் யார் இறந்தாலும் அடக்கத்துக்கு எல்லா ஏற்பாடும் செய்பவர் அவர்தான், நின்றே பழகியவர். கழுவுதொட்டிக்கு அடியில் பூனை. வீட்டுத் தலைவர் உட்காரும் கைவைத்த நாற்காலியில், மெத்தைமேல், ஒரு கறுப்பு நெட்டைத் தொப்பி. வீட்டுத் தலைவரான லயனல் பிரிஸ்டோ உருளைக்கிழங்குப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

தொப்பியை அவர் ஏற்கெனவே ஒருமுறை வைத்துப் பார்த்தாகிவிட்டது. அது நெற்றியில் நிற்காமல், காதில் நிற்காமல், மூக்கில் வந்துதான் நின்றது.

"பெரிய தலைங்க எனக்கு," என்றார் கேதர்கோல் வருத்தத்துடன். "எங்கப்பாவுக்கும் இப்படித்தான்."

"எங்க வீட்டுக்காரருக்குச் சின்னத் தலை," என்றாள் ஐடா. "உள்ளே இருக்கறது அதுக்குத் தக்கபடிதான் இருக்கு. மாவட்டத் தலைநகர்ல வாடகைத் தொப்பிக் கடைக்கு மூணு வாரம் முன்னாடியே போன்னு சொன்னேன். கடிதம் எழுதிட்டு பதிலுக்குக் காத்திருந்தாரு."

அது உண்மை. லயனல் எதையும் கடிதம் எழுதாமல் செய்வதில்லை. கடைக்காரர் பதில் எழுதியபோது, பந்தய வாரத்துக்கு ஒரு தொப்பிகூட மிச்சமில்லை என்பதை மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்.

லயனல் டன்ஸ்பரி நகர மன்றத்தில் துணைச் செயலாளர். செயலாளர் அந்த வசந்தத்தில் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி ஓய்வு வாங்கிக்கொண்டு கடற்கரை ஊருக்குப் போய்விட்டார். அந்த நாற்காலிக்கு இப்போது இரண்டு பேர்: ஒருவர் லயனல், இன்னொருவர் வரி வசூல் பிரிவின் ரோலண்ட் வின்டர்ஸ். செயலாளர் வேலையோடு சர்ச் தெருவில் ஒரு வீடும் வரும். அந்த வீட்டில், மாடியில், கதவு வைத்துத் தாழ்ப்பாள் போட்ட குளியலறை உண்டு. ஐடா கல்யாணமான நாளிலிருந்து இதே சமையலறையில், அடுப்புக்கு முன்னால் தகரத் தொட்டியைப் போட்டு, பூனை பார்த்துக்கொண்டிருக்கக் குளித்து வருகிறாள். செயலாளர் வேலை என்றால் லயனலுக்கு நாற்காலி, அவளுக்குத் தாழ்ப்பாள்.

மன்றத் தலைவர் மிஸ்டர் கிராப்ட்ரீக்கு, கோப்பைப் பந்தயத்தன்று பெரிய மனிதர்கள் கூடும் உள்வளாகத்துக்குப் போக ஆண்டுதோறும் அனுமதி அட்டைகள் வரும். இந்த ஆண்டு அவற்றில் இரண்டிரண்டை லயனலுக்கும் வின்டர்ஸுக்கும் கொடுத்தார். எதற்கு என்று விளக்கவில்லை. "ஆளை ஆபீஸ்ல பாத்தது போதும். அங்க வெச்சுப் பாக்கணும்," என்று மட்டும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, பந்தயத் திடலே லேடி மார்ச்பேங்கின் நிலம் என்பதையும், அந்த அம்மாள் கண்ணில் எதுவும் தப்பாது என்பதையும், போன வருஷம் பழுப்புக் காலணி போட்டு வந்த ஒரு மருத்துவரை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வெளியே அனுப்பிவிட்டதையும் சொன்னார். சொல்லும்போது அவர் கை தானாகவே டையைச் சரிசெய்தது.

லயனல் உடனே பந்தய அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். இடுப்புச் சட்டையின் கடைசிப் பொத்தான் உட்பட எல்லாச் சந்தேகங்களையும் வரிசையாகக் கேட்டிருந்தார். பதில் அட்டையில் ஒரே ஒரு பத்தி. ஆண்கள் வால் வைத்த கோட்டு, கறுப்பு அல்லது சாம்பல் நெட்டைத் தொப்பி. உள்வளாகத்தில் தொப்பியைக் கழற்றலாகாது, உணவுக் கூடாரம் நீங்கலாக. லேடி மார்ச்பேங்கின் சாரட் வண்டி கடந்து போகும்போது மட்டும் தொப்பியை வலது கையால் மார்பு வரை இறக்கி வணங்க வேண்டும். பெண்களுக்குத் தோள் மூடியிருக்க வேண்டும், உச்சந்தலை மறைய வேண்டும், கையுறை வேண்டும்.

அன்றிலிருந்து அலுவலகத்தில் வின்டர்ஸ், நடைக்கூடத்துக் கண்ணாடி முன் நின்று தன் தாத்தாவின் தொப்பியைத் தூக்கித் தூக்கிப் பழகினார். போகிற வருகிறவர்கள் பதில் வணக்கம் சொல்லி ஓய்ந்துபோனார்கள்.

ஆக, தொப்பிக்குக் கடைசிப் புகலிடம் கேதர்கோல். கோட்டும் அவருடையதே. தொப்பியைச் சுற்றித் தொங்கிய துக்கத் துணியை ஐடா பிரித்து எடுத்தாள். எடுத்த இடத்தில் மட்டும் பளபளப்பாகவும் மற்ற இடமெல்லாம் மங்கலாகவும் தெரிந்தது. ஊரில் எல்லோரும் தங்கள் சொந்தக்காரர் பெட்டிக்கு முன்னால் அந்தத் தொப்பி நடந்துபோனதைப் பார்த்தவர்கள். அடையாளம் தெரியாமல் இருக்காது. கேதர்கோல் ஒரு வழி சொன்னார். பட்டுத் தொப்பியைக் கறுப்பு பியர் தொட்டுத் துடைத்தால் ஒரே நிறமாகிவிடும், அவர் தந்தை அப்படித்தான் செய்வார். ஐடா துடைத்தாள். ஒரே நிறமாகத்தான் ஆயிற்று. சமையலறை முழுக்க மதுக்கடை வாசனையும் வந்தது.

"காத்தாட வெச்சாப் போயிரும்," என்றார் கேதர்கோல்.

அடுத்தது அளவு. உள்ளே செய்தித்தாள் மடித்து வைத்துப் பார்த்தார்கள். தலையை ஆட்டினால் சரசரவென்று பேப்பர் படிக்கிற சத்தம் கேட்டது. ஐடா தன் பழைய கம்பளிப் பாவாடையைக் கிழித்து, பட்டையாக மடித்து, உள்விளிம்பில் வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. தைப்பதற்கோ ஊசி இறங்கவில்லை.

கேதர்கோல் கோட்டுப் பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். வஜ்ஜிரப் பசை. சவப்பெட்டிக்குள் பட்டுத் துணி ஒட்டுவதற்கு அவரே காய்ச்சுவது.

"பிடிக்குமா?" என்றாள் ஐடா.

"இதுல ஒட்டி அனுப்பினது எதுவும் இதுவரைக்கும் திரும்பி வந்ததில்லைங்க."

ஐடா தாராளமாகவே தடவினாள்.

மறுநாள் டன்ஸ்பரி அதற்குமுன் கண்டிராத வெயில். காலை பத்து மணிக்கே சாலைத் தார் இளகி, காலணியை விட மாட்டேன் என்றது. ஐடா நீல கவுனுக்குத் தோள் போதவில்லை என்று வரவேற்பறை ஜன்னல் திரையின் சரிகை ஓரத்தை வெட்டித் தைத்திருந்தாள். வீட்டைப் பூட்டிவிட்டு வாசலில் நின்றபோது, தெருவுக்கு அவளும் ஜன்னலும் ஒரே மாதிரி தெரிந்தார்கள்.

திடலின் வாசலில் சிக்கல் தொடங்கியது. நுழைவுச் சீட்டு பார்க்கிற ஆள் லயனலைக் கண்டதும் தன் குல்லாயைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"யாருங்க?" என்றான் மெல்ல.

"பிரிஸ்டோ. இதோ அட்டை."

"ஐயோ, பிரிஸ்டோவா. நல்ல மனுஷன். எப்ப ஆச்சு?"

அவனுக்கு விளக்கிச் சொல்வதற்குள் பின்னால் வரிசை நின்றுவிட்டது. கடைசியில் அவன், பெட்டி பின்னால் வருகிறதா, சாமான்கள் வருகிற பக்கத்து வழியைத் திறக்கவா என்று கேட்டான். ஐடாதான் அட்டையை அவன் மூக்குக்கு நேராகப் பிடித்து, செத்தவர் நடந்தே உள்ளே போவார் என்று சொல்லி முடித்தாள்.

உள்ளேயும் அதே கதை. லயனல் நின்ற இடத்தைச் சுற்றிச் சிரிப்பு அடங்கிவிடும். பேசிக்கொண்டிருந்தவர்கள் குரல் இறங்கிவிடும். ஒரு கிழவர் அவரைப் பார்த்துவிட்டு, இன்றைக்குப் பந்தயம் கட்ட வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லி நிழலுக்குப் போய்விட்டார். அவரைத் தேடி விரும்பி வந்தவை குளவிகள்தான். கறுப்பு பியர் வெயிலில் மறுபடியும் மணக்க ஆரம்பித்திருந்தது. முதலில் ஒன்று வந்து தொப்பியைச் சுற்றிப் பார்த்தது. அது போய் உறவுக்காரர்களை அழைத்துவந்தது.

மிஸ்டர் கிராப்ட்ரீ மனைவியோடு வந்து கைகொடுத்தார். லயனலை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "கம்பீரமா இருக்கீங்க, பிரிஸ்டோ," என்றார், ஒரு கணம் யோசித்துவிட்டு. வின்டர்ஸ் சாம்பல் தொப்பியும் வெள்ளைக் கையுறையுமாக, கேக் கடைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தது போல நின்றார்.

உணவுக் கூடாரத்தில்தான் விஷயம் தெரிந்தது. எல்லா ஆண்களும் உட்கார்ந்ததும் தொப்பியைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் வைத்தார்கள். லயனலும் விளிம்பைப் பிடித்துத் தூக்கினார். தொப்பி வரவில்லை. புருவங்கள் வந்தன. இன்னும் கொஞ்சம் தூக்கியபோது கண்கள் சாய்ந்து நீண்டன. எதிரே உட்கார்ந்திருந்த மிசஸ் கிராப்ட்ரீ கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

வஜ்ஜிரம் வெயிலில் இளகி, கம்பளியில் ஊறி, வேர்வையோடு சேர்ந்து லயனலின் முடியைச் சுற்றிலும் பிடித்திருந்தது. கூடார நிழலில் அது இப்போது நிதானமாக இறுகிக்கொண்டிருந்தது.

"கழட்டேன்," என்றாள் ஐடா, உதடு அசையாமல்.

"வரல."

"எது வரல?"

"உன் பாவாடை என்னை விட மாட்டேங்குது."

ஐடா ஒரு முழு நிமிஷம் ரொட்டிக்கு வெண்ணெய் தடவினாள். பாதி வெண்ணெய் கையுறைக்குப் போனது. பிறகு மேஜையைப் பார்த்துப் பொதுவாக, வெயில் தலையில் படக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருப்பதாக அறிவித்தாள். கூடாரத்துக்குள் எங்கே வெயில் என்று வின்டர்ஸ் கேட்டார். அவர் மனைவி சிரித்தாள். மிஸ்டர் கிராப்ட்ரீ சிரிக்கவில்லை. மீனின் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கிக்கொண்டே, இந்த மேஜையில் நாற்பது வருஷமாகத் தொப்பியோடு ஒருவரும் உட்கார்ந்ததில்லை என்று மட்டும் சொன்னார்.

சாரட் வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ஐடா கணவனைக் கூடாரத்துக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். வஜ்ஜிரம் சூட்டுக்கு இளகும் என்று அவளுக்குத் தெரியும். வெந்நீர் கேட்டாள். வெந்நீர் இல்லை, தேநீர் இருக்கிறது என்றார்கள். ஒரு கெட்டில் தேநீரைத் தொப்பியின் விளிம்புக்குள் மெல்ல ஊற்றினாள். லயனல் சத்தம் போடாமல் பொறுத்துக்கொண்டார். கழுத்துப்பட்டைக்குள் அது இறங்கியபோது மட்டும், பால் சேர்த்ததா என்று கேட்டார். பால் சேர்த்தது. சர்க்கரையும் சேர்த்தது.

பசை இளகத்தான் செய்தது. இளகி இன்னும் கீழே, காதுக்கு மேல் இருந்த முடிவரை இறங்கி, காற்றுப் பட்டதும் உறைந்தது. இதற்குள் குளவிகள் சர்க்கரைச் செய்தியைத் திடல் முழுக்கச் சொல்லியிருந்தன.

"ஐடா, நாம வீட்டுக்குப் போயிரலாம்."

"வீட்டுல என்ன இருக்கு? தகரத் தொட்டி இருக்கு." அவள் அவர் டையை நேராக்கினாள். கண் கலங்கியிருந்தது. "லயனல், ஒரே ஒரு தடவை தூக்கினாப் போதும். அரை நிமிஷம். எப்படியாவது தூக்கிரு. தோல் வந்தாலும் வரட்டும்."

எக்காளம் முழங்கியது.

வெள்ளைக் கம்பிவேலியை ஒட்டி உள்வளாகம் முழுவதும் வரிசையில் நின்றது. லயனலுக்கு இடப்புறம் ஐடா, வலப்புறம் மிஸ்டர் கிராப்ட்ரீ, அவருக்கு அப்பால் வின்டர்ஸ். நான்கு சாம்பல் குதிரைகள் பூட்டிய சாரட் திருப்பத்தில் தெரிந்ததுமே, வேலியின் அந்தக் கோடியிலிருந்து தொப்பிகள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டே வந்தன, வயலில் காற்று புகுந்து வருவது போல. லேடி மார்ச்பேங்க் நேராக உட்கார்ந்திருந்தாள். கைப்பிடி வைத்த கண்ணாடியைக் கண்ணில் பிடித்து, வரிசையை ஒவ்வொரு ஆளாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வின்டர்ஸின் தொப்பி மார்பையும் தாண்டி முழங்காலுக்குப் போனது. மிஸ்டர் கிராப்ட்ரீயின் தொப்பி மார்புக்கு வந்தது. லயனல் வலது கையால் விளிம்பைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. இடது கையையும் சேர்த்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் ஒரு குளவி விளிம்புக்கு அடியில் புகப் பார்த்தது. மேலே தூக்கிக்கொண்டிருந்த இரண்டு கைகளும், அவரைக் கேட்காமலே, தொப்பியை ஒரே அழுத்தாகக் கீழே அழுத்தின. தொப்பி புருவம்வரை இறங்கி உட்கார்ந்தது. கைகளை எடுக்கவும் பயமாக இருந்தது. எடுத்தால் குளவி உள்ளே போய்விடும்.

ஆக, டன்ஸ்பரியின் உள்வளாகம் கண்ட காட்சி இது: இத்தனை தலைகள் வெறுந்தலையாகக் குனிந்திருக்க, நடுவில் ஒரே ஒரு மனிதன் துக்கக் கோட்டோடு, இரண்டு கைகளாலும் தொப்பியைத் தலையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, லேடி மார்ச்பேங்கை நேருக்கு நேர் முறைத்தபடி நிற்கிறான்.

சாரட் வேகம் குறைந்தது. அந்த அம்மாள் கண்ணாடியை இறக்கினாள், மறுபடி ஏற்றினாள். லயனல் ஏதாவது சொல்ல நினைத்தார். வாயைத் திறக்கப் போனபோது இன்னொரு குளவி வாயருகே இருந்தது. வாயை இன்னும் இறுக்கிக்கொண்டார். அந்த அம்மாளின் கன்னம் மெல்லச் சிவந்தது. வண்டிக்காரனின் முதுகில் கண்ணாடியால் ஒரு தட்டுத் தட்டினாள். சாரட் போய்விட்டது.

மிஸ்டர் கிராப்ட்ரீ தன் தொப்பியை மார்பில் வைத்தது வைத்தபடி, வாயைத் திறந்துகொண்டு, லயனலின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் கையிலிருந்த தொப்பியைப் பார்த்தார். அவர் முகம் பீட்ரூட்டாகச் சிவந்தது.

"பிரிஸ்டோ," என்றார். மறுபடி, "பிரிஸ்டோ," என்றார். அதற்கு மேல் வரவில்லை. திரும்பி மதுக் கூடாரத்தை நோக்கி விறுவிறுவென்று போனார். போகும்போது அவர் தோள்கள் குலுங்கின. சற்று நேரத்தில் கூடார வாசலில் இரண்டு மன்ற உறுப்பினர்களின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, லயனல் இருந்த திசையில் விரலை நீட்டி நீட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். உறுப்பினர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"அடுத்த வாரம் என் மேஜைக்கு வெள்ளை மை உறிஞ்சுதாள் போடச் சொல்லணும்," என்று வின்டர்ஸ் மனைவியிடம் சொல்வது காதில் விழுந்தது. "செயலாளர் அறைல பச்சைதான் வெச்சிருக்காங்க. எனக்குப் பிடிக்காது."

ஐடா கணவனைக் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துவந்தாள். வந்ததும் தகரத் தொட்டியை அடுப்புக்கு முன்னால் போட்டாள், வெந்நீர் ஊற்றினாள், கணவனைத் தொப்பியோடு உட்காரவைத்தாள். கேதர்கோல் ஆள் அனுப்பாமலே வந்து சேர்ந்தார். தொப்பிக்குச் சேதமில்லாமல் எடுக்க வேண்டும் என்பது அவர் கவலை; திங்கள்கிழமை மில்காரர் அடக்கம் இருந்தது. கடைசியில் சமையலறைக் கத்திரிக்கோலால் முடியை வெட்டித்தான் எடுக்க முடிந்தது. தொப்பி நல்லபடியாகத் தப்பியது. உள்ளே சுற்றிலும் லயனலின் முடி ஒட்டியிருந்தது. லயனலின் தலையில், உச்சியில் ஒரு குடுமி தவிர சுற்றிலும் ஒன்றுமில்லை.

"நல்லாப் பிடிக்கும்னு சொன்னேனே," என்றார் கேதர்கோல், பெருமையை மறைக்க முடியாமல்.

மறுநாள் ஞாயிறு முழுவதும் லயனல் சர்ச்சுக்குக்கூடப் போகாமல், தேநீர்க் கெட்டிலுக்குப் போடும் கம்பளிக் குல்லாயைத் தலையில் மாட்டிக்கொண்டு, மேஜைமுன் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தெரிந்த ஒரே வழி கடிதம். கிராப்ட்ரீயிடம் மன்னிப்புக் கேட்டுப் பயனில்லை. அவமானப்பட்டது அந்த அம்மாள். அந்த அம்மாள் மனம் இரங்கிக் கிராப்ட்ரீக்கு ஒரு வார்த்தை சொன்னால் நாற்காலி தப்பலாம்.

நாலைந்து பிரதி கிழித்தபின் கடிதம் அமைந்தது. தொப்பியின் வரலாறு, பசையின் தன்மை, குளவியின் பங்கு எல்லாவற்றையும் முறைப்படி எழுதியிருந்தார். தங்கள்மேல் அடியேனுக்குள்ள மரியாதைக்கு, அந்தத் தொப்பி மற்ற எல்லாத் தொப்பிகளையும்விடத் தாழ இறங்கியிருக்க வேண்டியது என்று எழுதியிருந்தார். கடைசிப் பத்தியை மட்டும் ஐடாவுக்குப் படித்துக் காட்டினார்.

"'இறுதியாக, தங்கள் லாயத்தை ஒட்டிக் குன்றுக்குப் போகும் பொதுப் பாதையை மூடிவிடவேண்டும் எனத் தாங்கள் பல்லாண்டுகளாக மன்றத்தைக் கேட்டு வருகிறீர்கள். அக்கோப்பு இப்போது என் பொறுப்பில் உள்ளது. தங்கள் விருப்பத்துக்கு இனி என்னால் யாதொரு தடையும் வராது.'"

ஐடா தையலை நிறுத்தினாள். "அந்தப் பாதைல தானே நாம கருப்பெர்ரி பறிக்கப் போவோம்?"

"ஆமா."

"ஊர்ல எல்லாரும் போறது அதுலதான். அதை எதுக்கு இழுக்கறே?"

"வெறும் மன்னிப்பை யாரு மதிப்பா? கூட ஏதாவது வெச்சுக் குடுக்கணும், ஐடா. அந்தக் கோப்புக்கு நான்தான் இத்தனை நாள் 'முடியாது'ன்னு பதில் எழுதினேன். கையெழுத்து செயலாளர் போடுவாரு. அவரும் ஒவ்வொரு தடவையும் அந்தம்மா நேர்ல வந்ததும் எழுந்து நின்னு, பாதைல ஒரு கஜம் விட்டுக் குடுத்துடுவாரு. இப்ப மிச்சம் இருக்கறதே ஒத்தையடிதான்."

ஐடா மாடியில் இல்லாத குளியலறையைப் பார்ப்பது போல மேலே பார்த்தாள். பிறகு, பெருமூச்சு விட்டு, கருப்பெர்ரி கடையிலும் கிடைக்கும் என்றாள்.

திங்கள்கிழமை காலை லயனல் உறையை ஒட்டினார். ஒட்டியது போதாது என்று தோன்றியது. கேதர்கோல் மறந்து விட்டுப்போன டப்பாவைத் திறந்து, உறையின் வாயில் ஒரு கோடு வஜ்ஜிரம் இழுத்து அழுத்தினார். அஞ்சல் தலையை நேராக, மூலைக்குச் சமமாக ஒட்டினார். குல்லாயைக் கழற்ற மறந்து தெருக்கோடிக்கு ஓடினார்.

தபால்காரர் ஹப்புல் அப்போதுதான் சிவப்புப் பெட்டியைத் திறந்து கடிதங்களைப் பைக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். லயனலிடமிருந்து உறையை வாங்கி முகவரியைப் பார்த்தார். பார்த்ததும் முகம் மலர்ந்தது. உறையைப் பைக்குள் போட்டு, வாயைக் கட்டி, முத்திரை வைத்து, சைக்கிளில் மாட்டினார். தன் குல்லாயை எடுத்து லயனலுக்கு ஒரு வணக்கம் வைத்தார்.

"அந்தம்மாவுக்கேவா? நல்லாச் சூடா எழுதியிருப்பீங்கன்னு தெரியும்," என்றார், மிதிக்க ஆரம்பித்தபடி.

"இல்ல ஹப்புல், அது..."

சைக்கிள் இறக்கத்தில் வேகம் பிடித்துவிட்டது. ஹப்புல் திரும்பிப் பார்த்துக் கத்தினார்.

"சனிக்கிழமை சாயங்காலம் கிராப்ட்ரீ மதுக்கடை மேஜை மேல ஏறி நின்னு அழுதுட்டாரு சார், அந்தம்மாவைக் கண்டதும் தன் கை உட்பட எல்லார் கையும் தொப்பிக்குப் போனதாலதான் குன்றுப் பாதை ஒத்தையடியாச் சுருங்கிப் போச்சு, ரெண்டு கையால தொப்பியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்ட ஒரே ஆள் பிரிஸ்டோதான், செயலாளர் வேலையும் சர்ச் தெரு வீடும் அவருக்குன்னு!"